கிங்க் விருப்பமும் தாம்பத்தியத் திருப்தியும்: ஆய்வு சொல்வது, வீட்டில் செய்வது, கோளாறு ஆகும் இடங்கள்

#1 பவளமல்லி

கிங்க், அதாவது வழக்கத்துக்கு மாறான பாலியல் விருப்பம். இதைப் பற்றித் தமிழில் தேடினால் இரண்டே வகைப் பதில் கிடைக்கிறது. ஒன்று, "இதெல்லாம் மனவியாதி." மற்றது, "கட்டிப்போட்டு விளையாடினால் தாம்பத்தியம் தூள்." இரண்டையும் நம்பிச் சிக்கலில் மாட்டுகிற ஜோடிகள் நிறைய.

கேள்வி இதுதான். வயதுவந்த இருவர். கணவன் மனைவியாக இருக்கலாம், சேர்ந்து வாழ்கிறவர்களாக இருக்கலாம், ஒரே பாலின ஜோடியாக இருக்கலாம். அவர்களில் ஒருவருக்கோ இருவருக்குமோ கட்டுதல், அடித்தல், ஆளுதல், அடங்குதல், ஒரு குறிப்பிட்ட துணி அல்லது பொருள் மீதான ஈர்ப்பு என ஏதாவது இருக்கிறது. உறவில் திருப்தி கூடுமா, குறையுமா? எது அதைத் தீர்மானிக்கிறது?

சொந்தப் படுக்கையறைக் கதைகள் வேண்டாம். விஷயம் தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பற்றியோ சம்மதம் இல்லாததைப் பற்றியோ எழுதினால் பதிவு நீக்கப்படும்.

#2 எண்ணும்_எழுத்தும்

முதலில் எண்களைப் பிரித்துவைப்போம். ஆசை இருப்பது, ஒருமுறையாவது செய்து பார்த்தது, வழக்கமாகச் செய்வது, "நான் இந்த வகை" என்று தன்னைச் சொல்லிக்கொள்வது ஆகிய நான்குக்கும் நான்கு எண்கள். இணையத்தில் சண்டை வருவதே இவற்றைக் கலந்துகட்டுவதால்தான்.

பெல்ஜியத்தில் பொதுமக்கள் 1,027 பேரிடம் கேட்டு 2017-ல் வெளியிட்டார்கள். பிடிஎஸ்எம் (கட்டுதல், ஆளுதல், அடங்குதல், வலி கொடுத்தல், பெறுதல்) சார்ந்த ஏதாவது ஒன்றை வாழ்நாளில் செய்தவர்கள் 46.8 சதவீதம். வழக்கமாகச் செய்பவர்கள் 12.5. தன்னை அந்த வகையினர் என்று சொன்னவர்கள் 7.6. ஒரே கேள்வித்தாளை வைத்து "பாதிப்பேர்" என்றும் சொல்லலாம், "பதின்மூன்றில் ஒருவர்" என்றும் சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் 2001-02-ல் 19,307 பேரிடம் தொலைபேசியில் கேட்டபோது, கடந்த ஓராண்டில் செய்தவர்கள் பாலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் 1.8 சதவீதம் மட்டுமே. காலம் வேறு, கேள்வி வேறு. அந்த 1.8 சதவீதத்தினர் மற்றவர்களைவிட அதிகமாகப் பாலியல் வற்புறுத்தலுக்கு ஆளானவர்களாகவோ மனக்கலக்கம் கூடியவர்களாகவோ இல்லை என்பது அதில் கவனிக்க வேண்டியது.

கற்பனை என்று வந்தால் எண்ணிக்கை எகிறும். கியூபெக்கில் 1,516 பேரிடம் செய்த 2015 ஆய்வில், பாலுறவில் தன்னை ஒருவர் ஆள்வதாகக் கற்பனை செய்தவர்கள் பெண்களில் 64.6 சதவீதம், ஆண்களில் 53.3 சதவீதம். அங்கேயே 1,040 பேரிடம் செய்த 2017 ஆய்வில், வழக்கத்துக்கு மாறானது என்று வகைப்படுத்திய ஆசைகளில் ஒன்றாவது உண்டு என்றவர்கள் ஏறக்குறைய பாதி. செய்தும் பார்த்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே, ஆசை இருப்பது அபூர்வம் என்ற பேச்சை விட்டுவிடலாம்.

திருப்திக்கு வருவோம். எல்லோரும் மேற்கோள் காட்டுவது நெதர்லாந்தின் 2013 ஆய்வு. 902 பிடிஎஸ்எம் ஈடுபாட்டாளர்கள், ஒப்பிட 434 பேர். முதல் குழுவில் பதற்றத் தன்மை குறைவு, நிராகரிப்பைக் கண்டு மிரள்வது குறைவு, வாழ்க்கை நிறைவு கூடுதல். விட்டுக்கொடுக்கும் குணம் மட்டும் சற்றுக் குறைவு. ஆனால் இவர்கள் தங்கள் ஆசையை ஒத்துக்கொண்டு, ஆட்களைத் தேடிப் பழகி, கேள்வித்தாளை நிரப்பவும் முன்வந்தவர்கள். வெட்கத்தில் ஒளிந்திருப்பவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. கிங்க் தான் நிறைவைக் கொடுத்தது என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது. கிங்க் இருந்தால் மனநிலை கெட்டிருக்கும் என்ற பழைய எண்ணம் தவறு என்று சொல்லலாம்.

#3 நடுநிலை_72

சரி, எண்ணிக்கை புரிந்தது. ஆனால் நிறையக் குடும்பங்களில் ஒருவர் தன் ஆசையைச் சொல்லாமலே இருபது வருடம் ஓட்டிவிடுகிறார். சொல்லித்தான் ஆகணுமா? சொல்லிக் கெடுவதைவிடச் சொல்லாமல் இருப்பது மேல் இல்லையா?

#4 வேப்பமரத்தடி

சொல்லியே ஆகணும்னு கட்டாயம் கிடையாதுங்க. ஆசை லேசா இருந்தா கற்பனையிலயே ஓடிடும், துணைக்கு எந்த நஷ்டமும் இல்ல. ஆனா அது இல்லாம உடம்பு ஒத்துழைக்கவே மாட்டேங்குதுன்னா கதை வேற. பக்கத்துல துணை இருக்கும்போது மனசு எங்கேயோ இருக்கும். துணைக்குக் காரணம் தெரியாது. "என்னைப் பிடிக்கல", "குழந்தை பிறந்ததும் உடம்பு போயிடுச்சு"ன்னு தானா ஒரு காரணம் கட்டிக்குவாங்க. திருப்தி சரியறது அங்கதான். ஆசை என்னங்கறதைவிட, அந்த மௌனத்துக்குத் துணை என்ன அர்த்தம் வெச்சுக்கிறாங்கங்கறது பெருசு.

அமெரிக்காவுல பாலியல் ஆராய்ச்சி பண்ற கின்சி நிறுவனத்து ஆய்வாளர்கள் பாங்க்ராஃப்ட், ஜான்சென் ரெண்டு பேரும் சொன்ன ஒரு மாதிரி இருக்கு. பாலியல் தூண்டலுக்கு ஆக்சிலரேட்டர், பிரேக் ரெண்டும் தனித்தனி. கிங்க் ஒருத்தருக்கு ஆக்சிலரேட்டர், அதே விஷயம் துணைக்கு பிரேக்கா இருக்கலாம். நம்ம வீடுகள்ல பிரேக் எக்கச்சக்கம். ஹால்ல படுத்திருக்கிற மாமனார், சரியா விழாத தாழ்ப்பாள், காலைல அஞ்சரைக்கு வர்ற பால்காரர், நடு ராத்திரி முழிச்சுக்கிற குழந்தை. புதுசா ஒரு ஆசையை நுழைக்கறதுக்கு முன்னாடி இதுல ரெண்டு பிரேக்கை எடுத்தாலே பல ஜோடிக்கு பாதிப் பிரச்சினை தீருது. தாழ்ப்பாளை மாத்துங்க முதல்ல.

சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டா:

படுக்கையில சொல்லக் கூடாது. அங்க சொன்னா அது கோரிக்கையா ஆயிடும், உடனே பதில் சொல்லணும்னு துணைக்கு நெருக்கடி. சண்டை முடிஞ்ச சூட்டுலயும் வேண்டாம். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காம இருக்கிற இடம் நல்லது, நடைப்பயிற்சி, கார் பயணம் மாதிரி. இருபது நிமிஷம் போதும்.

ஒரே ஒரு ஆசையை மட்டும் சொல்லுங்க. பத்து வருஷம் சேர்த்து வெச்சதை ஒரே நாள்ல கொட்டினா, கேக்கிறவங்களுக்கு எதிர்ல புது ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆயிடும்.

செயலை விட்டுட்டு உணர்ச்சியில ஆரம்பிங்க. "உன்னைக் கட்டிப்போடணும்"னு தொடங்கினா பயம்தான் வரும். "முழுசா என்கிட்ட விட்டுட்டு நீ எதையும் யோசிக்காம இருக்கிறதை நினைச்சா எனக்குப் பிடிக்குது"ன்னு தொடங்கினா, அதே உணர்ச்சிக்கு வேற வழியும் இருக்கலாம்னு துணையே யோசிப்பாங்க. கையைப் பிடிச்சு வெச்சுக்கறது போதுமா இருக்கலாம். கண்ணைக் கட்டறது போதுமா இருக்கலாம்.

கடைசியா, "இன்னிக்கு பதில் வேண்டாம், ஒரு வாரம் கழிச்சுப் பேசலாம்"னு நீங்களே சொல்லுங்க. அந்த ஒரு வாரம் நினைவுபடுத்தக் கூடாது.

செய்யவே கூடாத ஒண்ணு, வீடியோ காட்டி விளக்கறது. அதுல இருக்கிறது நடிப்பு. முன்னாடி பேசினது, நடுவுல நிறுத்தினது, பின்னாடி தண்ணி கொடுத்தது எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டுத்தான் போடறாங்க. துணைக்கு அந்த முரட்டுத்தனம் மட்டும்தான் கண்ணுல நிக்கும்.

#5 பனங்கூடல்

வேப்பமரத்தடி சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். ரொறொண்டோப் பக்கம் ஏமி மியூஸ், எமிலி இம்பெட் ஆக்கள் கனகாலமா ஒரு விசயத்தை ஆராய்ஞ்சு வருகினம். துணையின்ர பாலியல் தேவையைக் கவனிச்சு நிறைவேற்ற விருப்பம் உள்ள ஆக்களுக்கு, நீண்டகால உறவிலயும் ஆசை அவ்வளவு கெதியாக் குறையிறதில்லை எண்டு அவையின்ர ஆய்வுகள் காட்டுது. கொடுக்கிறவருக்கும் நன்மை, வாங்கிறவருக்கும் நன்மை.

ஆனா இதில ஒரு எல்லை இருக்கு. தன்ர தேவையை முற்றா ஒதுக்கிப்போட்டு, மற்றவர் கோவிக்கக் கூடாது எண்டதுக்காக மட்டும் "ஓம் ஓம்" எண்டு செய்யிற ஆக்களுக்கு அந்த நன்மை வாறேல்லை. கிங்க் விசயத்தில இது இன்னும் முக்கியம். வெறுப்போட கட்டுப்படுற ஆளின்ர உடம்பு இறுகியிருக்கும், முகம் செத்திருக்கும், மற்றவருக்கும் அது விளங்கும். பிறகு ரெண்டு பேரும் கதைக்காமல் விடுவினம்.

ஆகவே கேக்க வேண்டிய கேள்வி "உனக்கு ஓகேயா?" இல்லை. அதுக்கு எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். "இதில உனக்குப் பிடிக்கக்கூடிய பகுதி ஏதும் இருக்கா, எது?" எண்டு கேளுங்கோ. பதில் வராட்டி அது இன்னும் சம்மதம் ஆகேல்லை.

#6 பவளமல்லி

ஆசைகளை எழுதி இருவரும் ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டியல் முறை பற்றிச் சிலர் தனிமடலில் கேட்டார்கள். இங்கேயே எழுதுகிறேன்.

ஒரே பட்டியலின் இரண்டு பிரதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது, நாற்பது வரி போதும். நூறு வரி வைத்தால் பாதியில் சலித்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கட்டம்: "நான் செய்ய", "எனக்குச் செய்ய". இந்தப் பிரிப்பு இல்லாத பட்டியலால்தான் அதிகக் குழப்பம். கண்ணைக் கட்டிவிடப் பிடித்தவருக்குத் தன் கண்ணைக் கட்டினால் மூச்சு முட்டலாம். கட்டத்தில் 0 முதல் 5 வரை எண் போடுங்கள். 0 என்றால் ஒருபோதும் இல்லை. 5 என்றால் ஆவலாக இருக்கிறது. தெரியாத சொல் இருந்தால் கேள்விக்குறி.

தனித்தனி அறையில் நிரப்ப வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பினால் ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்துப் போடுவார். பிறகு சேர்த்துவைத்து, இரண்டு பக்கமும் 3 அல்லது அதற்கு மேல் உள்ளவற்றை மட்டும் வட்டமிடுங்கள். பல ஜோடிகளுக்கு நான்கைந்து வரிதான் தேறும். அதுவே ஒரு வருடத்துக்குப் போதும். 0 போட்ட வரிக்கு "ஏன்?" என்ற கேள்வி கிடையாது, அன்றைக்கும் சரி, அடுத்த மாதமும் சரி. 2 என்பது 3 ஆகும் என்று காத்திருக்கவும் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுத்தாளில் நிரப்புங்கள், பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். "போன தடவை சரின்னு போட்டியே" என்று காட்டுவதற்கு அது பத்திரம் அல்ல. போனில் வைக்காதீர்கள். குடும்பத்தில் எல்லோருக்கும் பாஸ்வேர்ட் தெரிந்த போன் என்றால் கேட்கவே வேண்டாம்.

#7 கட்டுமரம்

உடம்புக்கு என்ன ஆகும்னு யாரும் இன்னும் எழுதல. காயம் ஒண்ணு பட்டுட்டா திருப்தியைப் பத்திப் பேச ஒண்ணுமே மிஞ்சாது, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

கட்டுதல். வீட்டுல கைக்குக் கிடைக்கிறது துப்பட்டா, சேலை, துண்டு. மூணுமே இழுக்க இழுக்க முடிச்சு இறுகும், அவசரத்துக்கு அவிழாது. நைலான் கயிறு, மெல்லிசான கொடிக்கயிறு தோலை வெட்டும். 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமன் பருத்திக் கயிறு நல்லது. மணிக்கட்டுல ஒரே சுத்து போடாம, பக்கத்துப் பக்கத்துல மூணு நாலு சுத்து, அழுத்தம் பரவும். கட்டினதுக்கு அடியில ரெண்டு விரல் தாராளமா நுழையணும். கழுத்து, அக்குள், முழங்கை உள்பக்கம், முட்டிக்குப் பின்பக்கம் கயிறு போகவே கூடாது. மேல்கையோட வெளிப்பக்கத்துல ரேடியல் நரம்பு எலும்பை ஒட்டி ஓடுது. அங்க அழுத்தினா மணிக்கட்டு தொங்கிடும், சரியாக வாரக்கணக்கு, சில சமயம் மாசக்கணக்கு ஆகும்.

அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை சோதிங்க. கட்டைவிரலை மேல தூக்கச் சொல்லுங்க, விரல்களை விரிக்கச் சொல்லுங்க, மணிக்கட்டைப் பின்னால வளைக்கச் சொல்லுங்க. முடியல, மரத்துப்போகுது, குறுகுறுங்குதுன்னா உடனே அவிழ்க்கணும். தோல் நிறம் மாறினா ரத்த ஓட்டம், அது அவிழ்த்தா திரும்பும். மரத்துப்போறது நரம்பு, அது சீக்கிரம் திரும்பாது. பல பேர் நிறத்தை மட்டும் பார்த்துட்டு நல்லாத்தான் இருக்குன்னு விட்டுடறாங்க. கையைத் தலைக்கு மேல வெச்சுக் கட்டினா பத்து நிமிஷம் தாண்ட வேண்டாம். சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்கு உணர்ச்சியே குறைவா இருக்கலாம், அவங்க "ஒண்ணும் இல்ல"ன்னு சொல்றதை நம்ப முடியாது.

முனை மழுங்கின பேண்டேஜ் கத்தரி மெடிக்கல் ஷாப்ல கிடைக்கும். கைக்கெட்டற தூரத்துல அது இல்லாம கட்டவே கூடாது. கட்டினவரைத் தனியா விட்டுட்டுப் பக்கத்து ரூமுக்குக்கூடப் போகாதீங்க. ஃபேன் கொக்கியில ஆளைத் தொங்கவிடறது எந்தக் காலத்துலயும் வேண்டாம். அது மின்விசிறி எடைக்குப் போட்டது, ஆள் அசையற வேகத்தைத் தாங்காது.

அடித்தல். சதை உள்ள இடம் மட்டும்: பின்புறத்தோட கீழ்ப்பாதி, தொடையோட பின்பக்கம். இடுப்புக்கு மேல ரெண்டு பக்கமும் சிறுநீரகம். முதுகெலும்பு, வால் எலும்பு, மூட்டு, கழுத்து, முகம், காது எதுவும் கூடாது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் சாப்பிடறவங்களுக்கு லேசா தட்டினாலே கன்னிப்போகும், அவங்களுக்கு இது வேண்டாம்.

மெழுகு. கடையில வாங்கற சாதா மெழுகுவத்தி ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ்ல உருகுது. தேன்மெழுகு இன்னும் கொஞ்சம் மேல. 60 டிகிரித் தண்ணி தோல்ல சில நொடி பட்டாலே ஆழமா வேகும். மெழுகுத் துளி விழும்போது ஆறும், அதனாலதான் உயரம் முக்கியம். குறைஞ்ச சூட்டுல உருகற மசாஜ் மெழுகுவத்தி தனியா விக்கிறாங்க, அதுதான் இதுக்குன்னு செஞ்சது. அதையும் அரை மீட்டர் உயரத்துல இருந்து முதல்ல உங்க கையோட உள்பக்கத்துல சோதிச்சுப் பாருங்க. வெந்துபோனா ஓடற குழாய்த் தண்ணில 20 நிமிஷம். பேனா மை, பேஸ்ட், மாவு எதுவும் பூசக் கூடாது. மோதிரம், வளையல் முதல்ல கழட்டுங்க, அப்புறம் வீங்கினா வராது.

கழுத்தை நெரிப்பது. இதுக்கு நான் எந்த முறையும் எழுத மாட்டேன், ஏன்னா பாதுகாப்பான முறை கிடையாது. கழுத்து ரத்தக்குழாய் அழுந்தினா பத்து நொடிக்குள்ள நினைவு போகலாம். நினைவு போனவங்க "நிறுத்து"ன்னு சொல்ல முடியாது. ரத்தக்குழாயோட உள்சுவர் கிழிஞ்சு, நாள் கழிச்சுப் பக்கவாதம் வந்தவங்களும் உண்டு. ஏற்கெனவே நடந்திருந்து, குரல் மாறினாலோ, விழுங்க வலிச்சாலோ, கண்ணுல சிவப்புப் புள்ளி தெரிஞ்சாலோ, ஒரு பக்கம் பலம் குறைஞ்சாலோ உடனே 108. டாக்டர்கிட்ட நடந்ததை நடந்தபடி சொல்லணும்.

குடிச்சிருக்கும்போது இதுல எதுவும் வேண்டாம். வலி தெரியாது, கை நிதானம் இருக்காது, சம்மதமும் சம்மதமா இருக்காது. இன்னொண்ணு, தேங்காய் எண்ணெய் லேடெக்ஸ் ஆணுறையைக் கெடுத்துடும். தண்ணி சார்ந்த ஜெல் வாங்குங்க.

#8 ஓலைச்சுவடி

கட்டுமரம் எழுதியதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. காமசூத்திரத்தின் இரண்டாம் அதிகரணம் ஏழாம் அத்தியாயத்தில், கலவியின்போது அடிப்பதைப் பற்றி வாத்ஸ்யாயனர் பேசுகிறார். மார்பில், தலையில், கன்னத்தில் அடிக்கும் சில முறைகள் தென்னாட்டாரின் வழக்கம் என்று சொல்லி, அவை துன்பம் தருபவை, ஏற்கத் தகாதவை என்கிறார். காட்டும் சான்றுகள்: சோழ மன்னன் ஒருவனின் அடியில் சித்திரசேனை என்ற கணிகை இறந்தாள், குந்தல நாட்டுச் சாதகர்ணி சாதவாகனனால் மலயவதி இறந்தாள், பாண்டியனின் சேனாதிபதி நரதேவன் ஒரு நடனப் பெண்ணின் ஒரு கண்ணைக் குருடாக்கினான். இவை எந்த அளவு வரலாறு என்பது வேறு விவாதம். எந்த உறுப்பில் என்ன ஆபத்து என்று ஊர், பேர் சொல்லி எச்சரிக்கும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதற்காக எழுதினேன். "மேல்நாட்டிலிருந்து வந்த கேடு" என்று அடுத்து யாராவது எழுதப்போகிறார்கள், அவர்களுக்கும் சேர்த்து.

#9 எண்ணும்_எழுத்தும்

திருப்திக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஓர் ஆய்வு விட்டுப்போனது. அமெரிக்காவில் பிராட் சகாரின் குழு 2009-ல் வெளியிட்டது. சம்மதத்துடன் நடந்த பிடிஎஸ்எம் அமர்வுகளுக்கு முன்னும் பின்னும் எச்சில் எடுத்து கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள், நெருக்க உணர்வையும் கேட்டார்கள். இரண்டு சுற்றிலும் சேர்த்து 58 பேர். அமர்வு நன்றாகப் போனது என்றவர்களுக்கு மன அழுத்த ஹார்மோன் இறங்கி, நெருக்கம் கூடியது. சரியாகப் போகவில்லை என்றவர்களில் சிலருக்கு நெருக்கம் குறைந்தது, சிலருக்கு அப்போதும் கூடியது.

அந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரே செயல், ஒரே கயிறு. எப்படி நடந்தது, கோளாறானபோது அடுத்தவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பொறுத்து விளைவு மாறக்கூடும். இதை 58 பேரை வைத்து உறுதியாக்க முடியாது. பனங்கூடல் சொன்ன ரொறொண்டோ ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் கூடுகிறதா குறைகிறதா என்று அளக்க எளிய வழி உண்டு. லாரன்ஸ், பயர்ஸ் என்ற ஆய்வாளர்கள் உருவாக்கிய ஐந்து வரி அளவுகோல். நம் பாலுறவு எப்படி என்ற கேள்விக்கு நல்லது–கெட்டது, இனியது–இனிமையற்றது, சாதகம்–பாதகம், திருப்தி–அதிருப்தி, மதிப்புள்ளது–மதிப்பற்றது என்ற ஐந்து ஜோடிகளில் 1 முதல் 7 வரை எண். மொத்தம் 5 முதல் 35. புதிதாக எதையும் தொடங்குவதற்கு முன் இருவரும் தனித்தனியாகப் போட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்து மறுபடி போடுங்கள். ஒருவருக்கு 6 ஏறி மற்றவருக்கு 6 இறங்கினால் சராசரி மாறாது. ஆகவே சராசரி எடுக்காதீர்கள், இறங்கியவரின் தாளை முதலில் பேசுங்கள்.

#10 சட்டப்படி

சட்டம் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில். பிரிவு 25-ன்படி, 18 வயதுக்கு மேற்பட்டவர் சம்மதித்து ஏற்றுக்கொண்ட தீங்கு குற்றமாகாது, ஆனால் அந்தச் செயல் மரணத்தையோ கொடுங்காயத்தையோ விளைவிக்கும் நோக்கமில்லாததாகவும், விளைவிக்கக்கூடியது என்று செய்பவர் அறியாததாகவும் இருக்க வேண்டும். எலும்பு முறிவு, பல் உடைவு எல்லாம் கொடுங்காயம். பிரிவு 28-ன்படி பயத்திலோ தவறான புரிதலிலோ கொடுத்த சம்மதம் சம்மதமே அல்ல. போதையில் விளைவு புரியாமல் கொடுத்ததும் அப்படியே. எழுதிக் கையெழுத்துப் போட்ட "ஒப்பந்தம்" இதில் எதையும் மாற்றாது. எந்த நேரமும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

இங்கிலாந்தில் இருக்கும் தமிழர்களுக்கு: 1993-ல் பிரபுக்கள் சபை தீர்த்த பிரவுன் வழக்கு முதலே, பாலியல் இன்பத்துக்காக உடற்காயத்துக்குச் சம்மதித்தார் என்ற வாதம் எடுபடாது. 2021 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 71-வது பிரிவு அதைப் பலத்த காயங்களுக்குச் சட்டமாகவே எழுதிவிட்டது.

படம் எடுப்பது தனி ஆபத்து. எடுக்கச் சம்மதித்தது பகிரச் சம்மதித்தது ஆகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ-ல் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். எடுக்காமல் இருப்பதே நல்லது.

#11 நடுநிலை_72

ஒரு சந்தேகம் பாக்கி. கொடுமை செய்கிற ஒருவர் "இது என் கிங்க்" என்று சொல்லி மூடி மறைக்க முடியுமே. எப்படிப் பிரித்தறிவது? எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

#12 வேப்பமரத்தடி

ரொம்ப அவசியமான கேள்வி. நாலு விஷயம் பாருங்க. நிறுத்துன்னு சொன்னா நிக்குதா? நிறுத்தினதுக்கு அப்புறம் முகம் தூக்கறது, பேசாம இருக்கறது, பணம் கொடுக்காம இருக்கறது மாதிரி தண்டனை வருதா? அந்த "ஆளுதல்" படுக்கையறையைத் தாண்டி சம்பளம், போன், அம்மா வீட்டுக்குப் போறது வரைக்கும் பேசாமலே பரவுதா? வேண்டாம்னு எழுதின விஷயம் "தெரியாம" திரும்பத் திரும்ப நடக்குதா? இதுல ஒண்ணு ஆமாம்னாலும் அதுக்குப் பேரு கொடுமை. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துல பாலியல் கொடுமையும் அடக்கம், மனைவிங்கறதால விதிவிலக்கு கிடையாது. பெண்கள் உதவி எண் 181.

டாக்டர் விஷயம். ஆசை வழக்கத்துக்கு மாறா இருக்குங்கறது மட்டும் நோய் இல்லைன்னு 2013-ல வந்த அமெரிக்க மனநோய்க் கையேடு டிஎஸ்எம்-5 தெளிவாப் பிரிச்சிருக்கு. 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11, ஃபெட்டிஷையும் (பொருள் மேல வர்ற ஈர்ப்பு) சம்மதத்தோட நடக்கிற சேடோமசோகிசத்தையும் (வலி கொடுக்கறது, வாங்கறது) நோய்ப் பட்டியல்லருந்தே எடுத்துடுச்சு. அந்த ஆசையால ஒருத்தர் தூங்க முடியாம தவிக்கிறார், வேலை கெடுது, அல்லது சம்மதிக்காத ஒருத்தர் மேல ஆசை திரும்புதுன்னா போகணும். போறது லாட்ஜ்ல ரூம் போட்டு "ஆண்மைக் குறைவு" போஸ்டர் ஒட்டறவங்ககிட்ட இல்ல. மனநல மருத்துவம் எம்.டி. படிச்சவரா, இல்லைன்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணின மருத்துவ உளவியலாளரான்னு கேட்டுட்டுப் போங்க. முதல்ல போன்ல பேசிப் பார்க்கணும்னா டெலி-மனஸ் 14416, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், முடிஞ்சதுக்கு அப்புறம் நடக்கிறதைப் பத்தி. போர்வை, தண்ணி, ஏதாவது இனிப்பு, கால் மணி நேரம் பக்கத்துலயே இருக்கறது. இதுல பாதிப்பேர் சரியா இருப்பாங்க. தவறுறது மறுநாள். உச்ச உணர்ச்சி வடிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள்ல சிலருக்குக் காரணமில்லாம அழுகை வரும், எரிச்சல் வரும், வெட்கம் வரும். அடங்கினவருக்கு மட்டும் இல்ல, செஞ்சவருக்கும் "நானா இப்படி"ன்னு குற்ற உணர்ச்சி வரும். இது வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சா உறவைச் சந்தேகப்பட மாட்டாங்க. அதனால மறுநாள் சாயங்காலம் ஒரு போன், அதுக்கு அடுத்த நாள் ஒருமுறை. மூணே கேள்வி: எது பிடிச்சது, எது வேண்டாம், இப்ப எப்படி இருக்கு.

#13 கோரைப்பாய்

எல்லோரும் "நிறுத்து" என்பதை, அல்லது அதற்கென முன்பே பேசிவைத்த சேஃப் வேர்டைச் சத்தமாகச் சொல்வது போலவே எழுதுகிறார்கள். மெல்லிய சுவர், பக்கத்து அறையில் பெரியவர்கள். வாய் விட்டு "சிவப்பு" என்று சொல்ல முடியாத வீட்டில் என்ன செய்வது?

#14 கட்டுமரம்

சத்தமில்லாம முடியும். கையில ஒரு சின்ன பந்து, இல்ல சுருட்டின கைக்குட்டை கொடுத்துடுங்க. விட்டா நிறுத்தணும். சாவிக்கொத்து வேண்டாம், தரையில விழுந்தா வீடே எழுந்துடும். இருட்டுல கைக்குட்டை விழுந்தது தெரியாம போகலாம், அதனால ஒரு நுனியை நீங்க பிடிச்சுக்கங்க, தளர்ந்தா உடனே தெரியும்.

அதோட கைப்பிடிச் சோதனை ஒண்ணு. ரெண்டு, மூணு நிமிஷத்துக்கு ஒருமுறை துணையோட கையை ரெண்டு தடவை அழுத்துங்க. அவங்க திரும்ப ரெண்டு தடவை அழுத்தினா தொடரலாம். ஒரு தடவைன்னா வேகத்தைக் குறைக்கணும். பதிலே வரலைன்னா எல்லாத்தையும் நிறுத்திட்டு, கட்டு இருந்தா அவிழ்த்து, லைட்டைப் போட்டுப் பேசணும். சும்மா மயக்கத்துல இருக்காங்கன்னு நீங்களா முடிவு பண்ணக் கூடாது. உடுப்பு போட்டுக்கிட்டே ரெண்டு பேரும் பகல்ல ஒருமுறை ஒத்திகை பாருங்க, அப்பதான் அவசரத்துல கை தானா அந்த வேலையைச் செய்யும்.